பாட்டி பிறந்த ஊர்

(சங்கரன்கோவிலில் கால்பந்துப் போட்டி ஒன்றின் நிறைவு நாளன்று இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கோப்பை கொடுக்கிற மேடையில் 'விளையாட்டு உடம்புக்கு நல்லது, ஒழுக்கத்தைத் தரும்' என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். அதை எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் வேறொன்றைப் பேச வந்திருக்கிறேன். உலகத்தில் இன்றைக்கு ஒரு போட்டி நடக்கிறது. மைதானத்தில் இல்லை, மைதானத்துக்கு வெளியே. பதினாறு, பதினேழு வயசுப் பையன் ஒருத்தனுக்காக ரெண்டு நாடு, சில சமயம் மூணு நாடு போட்டி போடுகிறது. 'எங்க நாட்டுக்கு ஆடு' என்று பயிற்சியாளர் போன் போடுகிறார், வீடு தேடி வருகிறார். அம்மாவிடம் பேசுகிறார், அப்பாவிடம் பேசுகிறார். ஒரு நாட்டு அரசாங்கமே ஒரு வீட்டுத் திண்ணையில் வந்து காத்துக் கிடக்கிற மாதிரி.

நம்ம திண்ணையில் எந்த அரசாங்கம் வந்து காத்துக் கிடந்தது? ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நாமதான் தாலுகா ஆபீஸ் திண்ணையில் கிடந்திருக்கிறோம். அதனால்தான் இந்த விஷயம் நமக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு நாடு யாரைத் தேடிப் போகிறது, யாரை விரட்டுகிறது, ரெண்டுக்கும் என்ன காரணம் சொல்கிறது என்பதை இதை வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டுக்காகக் கால்பந்து ஆட வேண்டுமென்றால் முதலில் அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். பிறகு அந்த மண்ணோடு ஒரு தொடர்பு காட்ட வேண்டும் என்று உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா சொல்கிறது. நீ அங்கே பிறந்திருக்கணும், இல்லையென்றால் உன் அப்பாவோ அம்மாவோ பிறந்திருக்கணும், இல்லையென்றால் உன் தாத்தாவோ பாட்டியோ பிறந்திருக்கணும். இதெல்லாம் இல்லாதவன் பல வருஷம் அங்கேயே வாழ்ந்திருக்கணும். ஆக, ஒரு பையனுடைய காலைப் பார்த்து மயங்கிய நாடு அடுத்துக் கேட்கிற கேள்வி, 'தம்பி, உங்க பாட்டி எங்க பொறந்தா?' என்பதுதான். இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வி நம்ம சனத்தின் கதையிலும் வரப்போகிறது.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியும் கானாவும் மோதின. இந்தப் பக்கம் ஜெரோம் போவாட்டெங், அந்தப் பக்கம் கெவின் பிரின்ஸ் போவாட்டெங். ரெண்டு பேரும் ஒரே அப்பா பிள்ளைகள், பெர்லினில் பிறந்தவர்கள். அண்ணன் கானா பனியனில், தம்பி ஜெர்மனி பனியனில். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதி வரைக்கும் போனது. ஆப்பிரிக்காவிலிருந்து அதுவரை எந்த அணியும் போகாத இடம். அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஸ்பெயினைத் தோற்கடித்த கடைசிப் பெனால்டியை அடித்த அஷ்ரஃப் ஹக்கிமி பிறந்தது ஸ்பெயினின் தலைநகரமான மாட்ரிட்டில். அவருடைய அம்மா வீடுகளைக் கூட்டித் துடைத்து வேலை செய்தவர். அப்பா தெருவில் சாமான் விற்றவர். ஸ்பெயின் வீடுகளைத் துடைத்த கையின் பிள்ளை ஸ்பெயினை வீட்டுக்கு அனுப்பியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முனீர் எல் ஹத்தாதி என்று ஒரு பையன். ஸ்பெயினில் பிறந்தவன், மொராக்கோ வம்சம். 2014 செப்டம்பரில், பத்தொன்பது வயசில், ஒரு தகுதிச் சுற்று ஆட்டத்தில் ஸ்பெயின் அவனைக் கடைசி நேரத்தில் இறக்கியது. சுமார் பதிமூணு நிமிஷம். அதற்கப்புறம் ஸ்பெயின் அவனைக் கூப்பிடவே இல்லை. மொராக்கோவுக்கு ஆடப் போகிறேன் என்றால், 'அதெல்லாம் முடியாது, நீ ஸ்பெயினுக்கு ஆடிவிட்டாய்' என்றது சட்டம். விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய்ப் பார்த்தும் 2018 உலகக் கோப்பை அவனுக்கு இல்லாமல் போனது. 2020ல் ஃபிஃபா விதியைக் கொஞ்சம் தளர்த்திய பிறகுதான், 2021ல் மொராக்கோ பனியன் போட்டான். ஒரு நாடு ஒரு பையனைப் பதிமூணு நிமிஷம் தொட்டு வைத்து, இன்னொருத்தன் தொட முடியாதபடி செய்துவிடலாம். பக்கத்துத் தோப்புக்காரன் பறிக்கக் கூடாது என்று மாம்பிஞ்சில் சுண்ணாம்பு தடவி வைக்கிற மாதிரி. அவன் சாப்பிடவும் மாட்டான், அடுத்தவனுக்கு விடவும் மாட்டான்.

லாமின் யமால் பெயர் உங்க எல்லாருக்கும் தெரியும். 2007ல் ஸ்பெயினில் பிறந்தவன். அப்பா மொராக்கோ, அம்மா ஈக்வடோரியல் கினி. மொராக்கோ ஆளனுப்பிப் பேசிப் பார்த்தது. 2023 செப்டம்பரில் பதினாறு வயசில் ஸ்பெயின் அவனை இறக்கிவிட்டது. கோல் போட்டால் விரலால் 304 என்று காட்டுகிறானே, அது அவன் வளர்ந்த ரோக்காஃபோண்டா என்கிற உழைக்கும் மக்கள் குடியிருப்பின் அஞ்சல் எண்ணின் கடைசி மூணு இலக்கம். ஸ்பெயின் கொடியைக் காட்டவில்லை, மொராக்கோ கொடியையும் காட்டவில்லை. தன் தெருவைக் காட்டுகிறான். சேரியில் பிறந்தவனுக்கு அந்த விரல் என்ன சொல்கிறது என்று புரியும்.

இந்தப் பையன்களில் பெரும்பாலானவர் யாரென்று பாருங்கள். கூலிக்குக் கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சாலை போடவும், கக்கூஸ் கழுவவும், சுரங்கத்தில் இறங்கவும் கூப்பிடப்பட்டவர்களின் வம்சம். தாத்தாவைக் கூப்பிட்டபோது எந்த நாடும் 'உன் மனசு எந்தப் பக்கம்?' என்று கேட்கவில்லை. கையைப் பார்த்தது, கூப்பிட்டது. பேரன் காலைப் பார்த்துதான் முதல் தடவையாக மனசைக் கேட்கிறது. 'ரெண்டு நாட்டையும் வைத்துப் பேரம் பேசுகிறார்கள், தேசப்பற்று இல்லை' என்று சிலர் இந்தப் பிள்ளைகளை ஏசுகிறார்கள். நான் ஏச மாட்டேன். ஏழை வீட்டுப் பிள்ளை ஒருத்தன் முன்னால் ரெண்டு அரசு கைகட்டி நின்று, தேர்ந்தெடுக்கிற உரிமை அவன் கையில் இருக்கிற அபூர்வமான இடம் அது. அது அவனுக்குக் கிடைக்கட்டும்.

ஆனால் அந்த மரியாதை எவ்வளவு நாளைக்கு? மெசுட் ஓசிலைக் கேளுங்கள். துருக்கியிலிருந்து கூலிக்கு வந்தவரின் பேரன், ஜெர்மனியில் பிறந்தவர். 2014ல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த அணியில் இருந்தவர். 2018ல் துருக்கி அதிபரோடு எடுத்துக்கொண்ட படம் ஏற்கெனவே சர்ச்சையாகியிருந்தது. அந்த வருஷ உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் பழி அவர் தலையில் விழுந்தது. ஜெயித்தால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்றுதான் என்னைப் பார்க்கிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டுத் தேசிய அணியிலிருந்து விலகினார்.

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூணு கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூணு கோல் போட்ட முதல் இந்தியப் பெண். நாலு நாள் கழித்து அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் பக்கத்திலுள்ள அவர் வீட்டு முன்னால் வெடி வெடித்து ஆடினார்கள். தலித்துகள் அணியில் அதிகமாகிப் போனதால்தான் தோற்றது என்று சாதி சொல்லி ஏசினார்கள். வந்தனாவுக்கு ரெண்டு பாஸ்போர்ட் இல்லை. ஒரே பாஸ்போர்ட்தான், ஒரே நாடுதான். ஆனாலும் ஜெயித்தால் பாரத புத்ரி, தோற்றால் சேரிக்காரி. ஓசிலுக்கு நாட்டின் எல்லைக்கோடு. நமக்கு ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ள கோடு.

இன்னும் பழைய கதை ஒன்று. நூறு வருஷத்துக்கு முன்னால் பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்த பந்து வீச்சாளர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானத்தைச் சீர்செய்கிற வேலை பார்த்தார். வலைப் பயிற்சியில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே கை தேர்ந்தவர். அந்த வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க பூனா இந்து கிளப்புக்கு இந்தக் கை தேவைப்பட்டது. சேர்க்கலாமா கூடாதா என்று அவர்களுக்குள் பெரிய வாதம். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் ஒரே பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் குவளை. 1911ல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்துத் திரும்பினார். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவியை அவருக்குக் கடைசிவரை தரவில்லை. கை வேண்டும், ஆள் வேண்டாம். தேச அணி என்று ஒன்று உருவாவதற்கு முன்னாலேயே இந்தக் கணக்கு இங்கே எழுதப்பட்டுவிட்டது.

சரி, இன்றைய இந்தியாவுக்கு வருவோம். நம்ம அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இன்னொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டு வாழ் இந்தியர் அட்டை என்று 2005க்குப் பிறகு வந்தது வந்து போகவும், தொழில் செய்யவும் வசதி தருகிற அட்டை. ஓட்டும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. 2008ல் விளையாட்டு அமைச்சகம், இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே இந்தியாவுக்காக ஆடலாம் என்று முடிவு செய்தது. ஜப்பானியத் தாய்க்கும் குஜராத்தித் தகப்பனுக்கும் பிறந்த அரட்டா இசுமி, ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2012ல் இந்தியரான பிறகுதான் இந்திய அணிக்கு ஆட முடிந்தது.

பக்கத்து வீடு அப்படி இல்லை. வங்கதேசம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடிய ஹம்சா சௌத்ரியை, அவருடைய அம்மா வழியைப் பிடித்து வங்கதேசம் கூப்பிட்டது. 2025 மார்ச் 25ல் ஷில்லாங்கில் நம்ம அணிக்கு எதிராகவே முதல் ஆட்டம் ஆடினார். அந்தப் பக்கம் இங்கிலாந்து லீக்கில் ஆடிய ஹம்சா. இந்தப் பக்கம் ஓய்வு பெற்ற பிறகு நாற்பது வயசில் திரும்பக் கூப்பிடப்பட்ட சுனில் சேத்ரி. ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. கனடாவில் பிறந்த ஷமித் ஷோமும் வங்கதேசத்துக்கு வந்து சேர்ந்தார். 2025 நவம்பர் 18ல் டாக்காவில் வங்கதேசம் நம்மை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த வெற்றி.

உடனே இங்கேயும் கூச்சல் வந்தது. 'நம்ம ரத்தம் உலகமெல்லாம் இருக்கு, கூட்டிட்டு வாங்க' என்றார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்து அந்த நாட்டுக்காக ஒரு நட்பு ஆட்டமும் ஆடியிருந்த ரயன் வில்லியம்ஸ், அம்மா மும்பையில் பிறந்தவர் என்ற வழியில், ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு 2025ல் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினார். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருகிறவர் வரட்டும். ஆனால் 'ரத்தம்' என்று சொல்கிறார்களே, அந்த வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம். ரத்தத்தைத் தேடுகிறார்களா, காலைத் தேடுகிறார்களா?

மலேசியாவைப் பாருங்கள், பதில் கிடைக்கும். 2025 ஜூன் 10ல் மலேசியா வியட்நாமை நாலு கோலில் அடித்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம். அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று பல தேசத்தில் பிறந்த ஏழு பேருக்குப் புதுசாகக் குடியுரிமை கொடுத்திருந்தார்கள். 'இவர்களுடைய தாத்தா பாட்டிகள் மலேசியாவில் பிறந்தவர்கள்' என்று காகிதம் காட்டினார்கள். ஃபிஃபா அந்தந்த ஊரில் போய் மூலப் பதிவேட்டைத் தேடி எடுத்தது. பாட்டிகள் மலாக்காவிலும் பிறக்கவில்லை, பினாங்கிலும் பிறக்கவில்லை. அதே அர்ஜென்டினாவிலும் ஸ்பெயினிலும்தான் பிறந்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு மூணரை லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டார்கள். ஏழு பேருக்கும் தலா ரெண்டாயிரம் பிராங்க் அபராதமும் பன்னிரண்டு மாதத் தடையும் விதித்தார்கள். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது.

அந்த மலேசியாவில்தான் ரப்பர் தோட்டத்துக்கு நாலு தலைமுறைக்கு முன்னால் நம்ம பக்கத்திலிருந்து போன சனம் இருக்கிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் கோலி ஆறுமுகம் என்கிற தமிழர். ஊரே அவரை ஸ்பைடர்மேன் என்று கொண்டாடியது. அதே தேசத்தில் அங்கேயே பிறந்து, அங்கேயே பால்வெட்டி, அங்கேயே சாகிற தமிழர்களில் ஒரு பகுதிக்கு நீலநிறக் குடியுரிமை அட்டை கிடையாது. சிவப்பு அடையாள அட்டையோடு, சிலர் அதுவும் இல்லாமல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைகிறார்கள். பதிவு செய்யாத கல்யாணம், தொலைந்துபோன பிறப்புப் பத்திரம் என்று காரணம் சொல்லப்படுகிறது. ஏழு பேருக்கு இல்லாத பாட்டியை உண்டாக்க முடிந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு இருக்கிற பாட்டியைக் கண்ணால் பார்த்தும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். நெல்லைச் சீமையில் ஊர் ஊருக்கு 'சிலோன்காரங்க வீடு' என்று ஒரு வீடு இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணி பிடித்துக்கொண்டு போன சனம். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் என்று பல சீமையிலிருந்து போனார்கள். போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் ஏறிப் போனவர்கள். கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 'துண்டு' என்று பேர். கடன் எழுதிய காகிதம். நம்ம சனத்துக்கு முதலில் கிடைத்த காகிதம் குடியுரிமைக் காகிதம் இல்லை, கடன் காகிதம்.

1948ல் சிலோன் சுதந்திரம் வாங்கியது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? நீ இங்கே பிறந்தது மட்டும் போதாது. உன் அப்பா இங்கே பிறந்தாரா? இல்லையென்றால், உன் அப்பாவுடைய அப்பாவும், அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தார்களா? காகிதம் காட்டு. காட்டுத்தனமாக மலையைத் திருத்தி, லயத்தில் பிறந்து, லயத்தில் செத்தவர்களுக்கு எந்தக் காகிதம் இருக்கும்? ஏழு லட்சம் பேருக்கு மேல் ஒரே சட்டத்தில் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் போட்டு, விண்ணப்பிக்கச் சொன்னார்கள். சுமார் எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பத்துநாலாயிரம் பேருக்கு.

தாத்தா எங்கே பிறந்தார் என்ற அதே கேள்விதான், தோழர்களே. கால்பந்துச் சங்கம் அதை உள்ளே இழுக்கக் கேட்கிறது. அதனால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று ஆறு பேரில் யார் ஒருத்தர் பிறந்திருந்தாலும் போதும் என்கிறது. கொழும்பு அரசு அதை வெளியே தள்ளக் கேட்டது. அதனால் அம்மா கணக்கில் இல்லை, பாட்டி கணக்கில் இல்லை. தகப்பன் வழி மட்டும்தான். தேயிலைக் கொழுந்து கிள்ளியது பெரும்பாலும் பெண்கள். அவள் நாலு பிள்ளையை அந்த மலையில் பெற்றிருப்பாள். அந்த நாட்டு ஏற்றுமதியையே அவள் கூடை சுமந்தது. சட்டத்தில் அவள் பிறந்த ஊருக்கு மதிப்பில்லை.

அப்புறம் 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏழு பேரை இந்தியா எடுத்தால் நாலு பேரை இலங்கை எடுக்கும் என்று கணக்கு. பத்து வருஷம் கழித்து, 1974ல், மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். நீங்க தெருவில் டீம் பிரிப்பீர்களே, ரெண்டு கேப்டன் நின்று ஒவ்வொருத்தனாகக் கூப்பிடுவீர்கள். 'எனக்கு இவன், எனக்கு இவன்' என்பீர்கள். டெல்லியும் கொழும்பும் அந்த ஆட்டத்தைத் தலைகீழாக ஆடின. 'எனக்கு இவன் வேண்டாம், நீ எடுத்துக்கோ' என்று. ரெண்டு நாட்டோடும் தொடர்புள்ளவன்தான் இரட்டைத் தேசத்துக்காரன் என்றால், நம்ம மலையகச் சனமும் ஒரு பெரிய இரட்டைத் தேசத்துக் கூட்டம்தான். பாட்டி பிறந்தது நெல்லை, பேரன் பிறந்தது நுவரெலியா. ஒரு நாடும் திண்ணைக்கு வரவில்லை. ஒருத்தரையும் 'உனக்கு எது வேண்டும்?' என்று மனசார யாரும் கேட்கவில்லை. கணக்குப் போட்டு ஏற்றி அனுப்பினார்கள். வந்தவர்களை நீலகிரித் தேயிலையிலும் கன்னியாகுமரி ரப்பரிலும் நூற்பாலைகளிலும் மறுபடி கூலியாகவே நிறுத்தினார்கள். அங்கே இருக்கும்போது 'இந்தியாக்காரன்'. இங்கே வந்தால் 'சிலோன்காரன்'. இலங்கையில் மிஞ்சியிருந்தவர்களுக்கு முழுசாகக் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003ல்தான். ஐம்பத்தைந்து வருஷம்.

அந்த மலையகத் தமிழர் வம்சத்தில்தான் முத்தையா முரளிதரன் வந்தார். அவருடைய தாத்தா 1920ல் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர். டெஸ்டில் 800 விக்கெட். இலங்கைக்கு உலகத்தில் முகம் வாங்கித் தந்த கைகளில் ஒன்று அது. ஒரு முரளிதரனைத் தோளில் தூக்கியவர்களின் நாடாளுமன்றம்தான் அந்தச் சட்டத்தையும் அத்தனை காலம் கையில் வைத்திருந்தது. சாதனையாளனைக் கொண்டாடுவதும் சனத்தை ஒதுக்குவதும் ஒரே வீட்டில் தாராளமாகக் குடியிருக்கும்.

இன்றைக்கு இலங்கைக் கால்பந்தும் வெளிநாட்டில் பிள்ளை தேடுகிறது. லண்டனில் பிறந்த டிலான் டி சில்வா, ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கம்மர்க்னெக்ட் என்று வந்து ஆடியிருக்கிறார்கள். 1983க்குப் பிறகு உயிர் தப்பி ஓடிய ஈழத் தமிழரின் பிள்ளைகளோ ஐரோப்பாவிலும் கனடாவிலும் வளர்ந்து, ஃபிஃபாவில் இடமில்லாத மக்களுக்கான கோனிஃபா போட்டிகளில் 'தமிழ் ஈழம்' என்ற பெயரிலேயே அணி கட்டி, 2014ல் சுவீடனிலும் 2018ல் லண்டனிலும் ஆடினார்கள். ஒரு பையனுக்கு மூணு பனியன். பிறந்த நாட்டுடையது ஒன்று, அப்பாவைத் துரத்திய நாட்டுடையது ஒன்று, இன்னும் நாடாகாத நாட்டுடையது ஒன்று. இதில் எதைப் போடுகிறான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அல்ஜீரியாவின் ரஷீத் மெக்லூஃபியும் முஸ்தஃபா சித்தூனியும் 1958ல் பிரான்சின் பெரிய கிளப்புகளையும் கண்முன்னே இருந்த உலகக் கோப்பையையும் உதறி, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, விடுதலை முன்னணியின் அணியில் போய்ச் சேர்ந்தார்கள். சுதந்திரம் வந்தது நாலு வருஷம் கழித்து. வேறு சிலர் வேறு முடிவு எடுத்தார்கள். முடிவு அவரவருடையதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இலங்கைத் தமிழர் இருக்கிறார்கள். அதில் மலையகத்தில் வேர் உள்ளவர்களும் உண்டு. அதாவது, இங்கேயிருந்து போய், அங்கே நாடில்லாமல் கிடந்து, கலவரத்தில் அடிபட்டுத் திரும்பி வந்தவர்கள். 2021ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு மாற்றியது. நல்லது. பெயர் மாறியது, நிலை மாறவில்லை. அந்த முகாமில் பதினைந்து வயசுப் பிள்ளை ஒன்று பந்து உதைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பிறந்தது, இங்கே ரேஷன் அரிசி தின்றது, இங்கே தமிழ் மீடியத்தில் படித்தது. ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரில் ஒருத்தராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும் என்கிறது சட்டம். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுக்கம். மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 2019ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டுக்குத்தான் கதவு. இலங்கை அதில் இல்லை. சிலர் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கிறார்கள். அது கண்ணால் பார்க்காத நாட்டின் காகிதம்.

ஃபிஃபா விதிப்படி பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு ரெண்டு நாட்டிலும் தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் பிறந்தது, அப்பா அம்மா பிறந்தது இலங்கை. மலையக வம்சமாக இருந்தால் பாட்டி பிறந்தது இதே சீமை. பெர்த்திலும் லண்டனிலும் பிறந்தவனிடம் கேட்கிற 'ரத்தம்' இந்தப் பிள்ளையிடம் தாராளமாக இருக்கிறது. இல்லாதது பாஸ்போர்ட் ஒன்றுதான். ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆடுகிற வம்சாவளிக்காரனைத் தேடுகிற கண்ணுக்கு, முகாம் வேலிக்குள் ஆடுகிற பிள்ளை தெரியவில்லை. ஏன்? அவன் ஏற்கெனவே யாராலோ தயாரிக்கப்பட்டவன். இன்னொரு நாட்டின் மைதானம், இன்னொரு நாட்டின் சாப்பாடு, இன்னொரு நாட்டின் பயிற்சி. செலவில்லாமல் பழுத்த பழம். இந்தப் பிள்ளையை வளர்க்கவேண்டும். வளர்க்கிற வேலை நாட்டுக்கு வேண்டாம், பறிக்கிற வேலை மட்டும் வேண்டும்.

1931ல் அம்பேத்கர் காந்தியைச் சந்தித்தபோது, எனக்குத் தாய்நாடு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். தண்ணீர் குடிக்கவிடாத நாட்டை எப்படி என் நாடு என்று சொல்வேன் என்பது அவர் வாதம். சொன்னவர்தான் பின்னாளில் இந்த நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவர் நாட்டைப் பழிக்கவில்லை. நாடு என்றால் என்ன என்று விளக்கம் கேட்டார். ஓசிலும் வந்தனாவும் முகாம் பிள்ளையும் கேட்பது அந்த விளக்கத்தைத்தான்.

ஆகவே, இரட்டைக் குடியுரிமை வேண்டுமா, வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவைத் திறக்கலாமா என்று டீக்கடையில் உங்களிடம் யாராவது கேட்டால், 'திறங்க' என்று சொல்லுங்கள். கதவு அடைப்பது நம்ம கட்சி இல்லை. கூடவே இதையும் சொல்லுங்கள். முதலில் இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் நாடில்லாமல் கிடக்கிற பிள்ளைகளுக்குத் திறங்க. கோல் போடுகிறவனுக்கு மட்டும் இல்லை, கோல் போடத் தெரியாதவனுக்கும். ஏனென்றால் குடியுரிமை பரிசுக் கோப்பை இல்லை. திறமையைக் காட்டினால்தான் மனுஷன் என்பது பூனா கிளப்பின் மண் குவளை. நல்லா ஆடியதால் ஆறுமுகத்தைக் கொண்டாடினார்கள், சரி. ஆடத் தெரியாத ஆறுமுகங்கள் எத்தனை பேர் சிவப்பு அட்டையோடு செத்தார்கள்? அவர்கள் பக்கம் நின்றுதான் நாம் கணக்குக் கேட்கவேண்டும்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்க ஊரில் சிலோன்காரங்க வீடு இருந்தால், அந்த வீட்டுக் கிழவியிடம் போய் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த வருஷம் கப்பல் ஏறினாள், என்ன காகிதம் கொடுத்தார்கள், யார் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. பேர், ஊர், வருஷம் மூணும் இருக்கவேண்டும். அடுத்த தடவை உங்க டீம் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் பக்கத்தில் முகாம் இருந்தால் அந்தப் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் வையுங்கள். நம்ம டோர்னமென்ட் நுழைவுப் படிவத்தில் பாஸ்போர்ட் கேட்பதில்லை. முகாம் அணி ஒன்றை வருகிற வருஷம் இதே மைதானத்தில் பார்க்க வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள். முகாமை விட்டு வெளியே வரவும் இரவு தங்கவும் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அதற்கான மனுவை இன்றைக்கே எழுதி, இந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லா டீம் கேப்டன்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டும். மனு இந்த மேஜையில்தான் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.